மருதாணிப் பேட்டரி

நான் பல வருடங்கள் பொய் எழுதிப் பிழைத்தவள். போளூரில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் உட்கார்ந்து, தொண்டு நிறுவனங்களுக்கு வெற்றிக் கதைகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஓர் அச்சு உண்டு. முதல் பத்தியில் ஒரு பெண் கஷ்டப்பட வேண்டும். இரண்டாம் பத்தியில் இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். மூன்றாவதில் நிறுவனம் வரும். கடைசியில் அவள் புன்னகைப்பாள். கோழி வளர்ப்பு, தையல் மிஷின், மண்புழு உரம் என்று எதைக் கொடுத்தாலும் இந்த அச்சில் ஊற்றி எடுத்துவிடுவேன். கோழிகள் எல்லாம் சீக்கு வந்து செத்துப்போன ஊருக்கும் எழுதியிருக்கிறேன். அங்கேயும் அவள் புன்னகைத்தாள்.

ஒருநாள் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் தொலைபேசியில் பேசினார். எரிசக்தித் துறை. மென்மையான குரல். ஒவ்வொரு வாக்கியத்தையும் மேடையில் வைப்பதுபோல மெதுவாக இறக்கி வைப்பார்.

“அம்மா, இது வழக்கமான கதை இல்லை. ஜவ்வாது மலையில் மின்கம்பமே போகாத ஒரு கிராமத்தில் புதுவகை பேட்டரி வைத்திருக்கிறோம். மக்களின் பேட்டரி. நீங்கள் அதை எளிய தமிழில் ஒரு சிறுநூலாக எழுத வேண்டும்.”

எளிய தமிழ் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அக்கறை இல்லை. ஒப்புக்கொண்டேன்.

நான் சந்தவாசல் பக்கம் பிறந்தவள். தினமும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தும் முப்பது வயதுவரை அதன்மேல் ஏறியதில்லை. அடிவாரத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மலை என்பது புளியும் சாமையும் தேனும் இறங்கி வரும் திசை, அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நாங்கள் வீட்டு வாசலுக்கு உள்ளே விட்டதில்லை. இந்த லட்சணத்தில்தான் நான் மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதுபவளாக ஆகியிருந்தேன்.

நிறுவனத்தின் ஜீப்பில் போனேன். ஜமுனாமரத்தூர் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண் தடத்தில் ஒரு மணி நேரம். முப்பது வீடுகூட இல்லாத ஊர். மின்கம்பங்கள் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டன. நடுவில் ஒரு ஓடையும் கொஞ்சம் காடும். அதைத் தாண்ட அந்தக் கம்பங்களுக்கு இத்தனை வருடமாகத் தைரியம் வரவில்லை.

ஊரின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். கூரைமேல் சோலார் தகடுகள். உள்ளே ஆள் உயரத்தில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், இரண்டு பம்புகள், நடுவே கனமான தகடுகளை அடுக்கி போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பெட்டி. அங்கே எனக்காக ஒருவர் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நிறுவனத்தில் தற்காலிகப் பணி. மாதத்தில் பாதி நாள் அந்த ஷெட்டிலேயே பாய் விரித்துக் கிடப்பவர். சட்டையில் அங்கங்கே செம்மஞ்சள் கறை.

அவர் சொன்னதில்தான் முதல்முறையாக எனக்கு எதுவோ புரிந்தது.

“சாதாரண பேட்டரியில மின்சாரத்தைப் பிடிச்சு வைக்கிற பொருள் உள்ளேயே கெட்டியா இருக்கும் மேடம். நிறைய நேரம் ஓடணும்னா பேட்டரியையே நிறைய வாங்கணும். இதுல அந்தப் பொருள் தண்ணியில கரைஞ்சிருக்கு. ஒரு தொட்டியில சிவப்பு, இன்னொண்ணுல மஞ்சள். பகல்ல வெயில் இருக்கும்போது பம்பு ரெண்டையும் இந்தப் பெட்டி வழியா ஓட்டும், சார்ஜ் ஏறும். சாயங்காலம் அதே திரவம் திரும்ப ஓடி, ஏத்தினதை இறக்கிக் குடுக்கும். நடுவுல ஒரு மெல்லிய தாள் இருக்கு. ரெண்டும் கலந்துடாமப் பார்த்துக்கும்.”

“அதனால என்ன லாபம்?”

“அதிக நேரம் வேணும்னா பெரிய தொட்டி வைங்க, திரவம் ஊத்துங்க. பெட்டி அதேதான். தீப்பிடிக்காது. லித்தியம் வேண்டாம், எங்கேயோ சுரங்கத்துல தோண்டுற விலை உயர்ந்த உலோகம் வேண்டாம். இந்தச் சிவப்பு ஒரு கரிமப் பொருள். கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். உலகம் பூரா நிறைய கிடைக்கிற சமாச்சாரம். நல்லா அமைஞ்சா ஒரு ஊருக்கே, ஒரு டவுனுக்கே மலிவா மின்சாரத்தைச் சேமிக்கலாம்.”

“நல்லா அமைஞ்சா?”

அவர் சிரித்தார். “அதைத்தான் பார்த்துட்டிருக்கோம்.”

எனக்கு உவமை தேவைப்பட்டது. இந்தப் பொருளை ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது, வீட்டில் இருக்கிற எதைப் போல என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, மருதாணியில் சிவப்பு பிடிக்க வைக்கும் பொருளும் இதுவும் தூரத்து உறவு, ஒரே வேதியியல் குடும்பம் என்றார். உடனே, “உறவு மட்டும்தான் மேடம். இது ஃபாக்டரியில செஞ்சு டிரம்முல வந்தது. காரத்துல கரைச்சிருக்கோம், கை வச்சா வெந்துடும்” என்று சேர்த்துக்கொண்டார். முதல் பாதியை எழுதிக்கொண்டேன். இரண்டாம் பாதியை எழுதவில்லை.

ஷெட்டின் சாவி ஊரில் ஒரு பெண்ணிடம் இருந்தது. நாற்பதைத் தாண்டியவள், மகளிர் குழுத் தலைவி. பக்கத்து அறையில் இருந்த சாமை குத்தும் மெஷின் அவள் பொறுப்பு. காலையில் பம்பைப் போடுவது, தொட்டியின் மட்டம் பார்ப்பது, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது எல்லாம் அவள்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மேடம் இன்னா ஆபீஸு?”

“ஆபீஸ் இல்லை. எழுதுறவள். இதைப் பத்திப் புத்தகம் எழுத வந்திருக்கேன்.”

“புக்கா? இதுக்கா?” தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். “மொத ரெண்டு மாசம் நல்லா எரிஞ்சுதுங்க. வூட்டுக்கு ரெண்டு பல்பு. மிசினு கூட நாலு நாளு ஓடிச்சு. அப்பால கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சி போச்சி. இப்போ சோறு துன்னு முடிக்கறதுக்குள்ள மங்கிடுது.”

இதையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. என் அச்சில் மூன்றாம் பத்திக்குப் பிறகு எதுவும் குறையக் கூடாது.

இரண்டாவது முறை போனபோது இயக்குநரும் வந்தார், புகைப்படக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு. கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, காலில் என் ஒரு மாத வாடகைக்குச் சமமான செருப்பு. ஊருக்குள் நுழைந்ததும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, கீழே எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துத் தானும் தேட ஆரம்பித்தாள்.

ஷெட்டில் பேட்டரி செத்துக் கிடந்தது. பம்பு ஓடியது, திரவம் ஓடியது, மின்சாரம் வரவில்லை. இயக்குநர் வேதியியலாளரைப் பார்த்தார்.

“காற்று உள்ளே போயிடுச்சு சார். சார்ஜ் ஏறின சிவப்புக்குக் காற்று ஆகாதுன்னு முதல்லேர்ந்து சொல்றேன். மேலே நைட்ரஜன் அடைச்சு மூடி வச்சிருந்தோம். சிலிண்டர் தீர்ந்து மூணு வாரம் ஆச்சு. கொண்டுவர ஜீப் கேட்டேன், குடுக்கலை.”

“ஜீப் எங்கே போயிருந்தது?”

“விருந்தாளிங்களுக்கு இந்த ஷெட்டைச் சுத்திக் காட்டப் போயிருந்தது சார். போதாததுக்கு இந்தத் தகரக் கூரை. மத்தியானம் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கு. சூட்டுல மூலக்கூறே உடையுது. இதையெல்லாம் முறையா அளந்து எழுதிடலாம் சார். எவ்வளவு நாள்ல, எவ்வளவு சூட்டுல, எப்படிக் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா அடுத்தவன் சரியாச் செய்வான். யோசனை நல்ல யோசனைதான்.”

இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். “தோல்வி என்ற வார்த்தையை நாம் பயன்படுத்துவதில்லை. கற்றல் என்று சொல்வோம்.”

“சரி சார். கற்றதை எழுதலாமா?”

“அது அடுத்த கட்டம். இன்றைக்குப் படம் எடுக்க வேண்டும்.”

வேண்டியது ஓர் இரவுக் காட்சி. ஆனால் மாலை ஐந்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார், அவருக்கு வளைவுகளில் தலை சுற்றும். எனவே மத்தியானம் இரண்டு மணிக்கு, குழுத் தலைவியின் வீட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னலில் தார்ப்பாயைக் கட்டி, இரவைத் தயாரித்தார்கள். பல்பு எரிய வேண்டுமே? ஜீப்பின் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கதவுக்கு அடியில் விட்டார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதன் கீழே அவளை உட்கார வைத்து, கையில் முறம் நிறையச் சாமை கொடுத்து, சிரிக்கச் சொன்னார்கள்.

“ராத்திரியில எவ பொடைப்பா?” என்றாள் அவள்.

“படத்துக்காக அம்மா” என்றார் இயக்குநர்.

வியர்வை ஊற்ற ஊற்ற அவள் பல்லைக் காட்டினாள். வேதியியலாளர் வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் உள்ளேதான் இருந்தேன். கதவுக்கு அடியில் வந்த ஒயர் என் கால் கட்டை விரலில் உரசிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஒரு மூலையில் விலகி வெளிச்சம் வந்தபோது, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டதும் நான்தான். யாரும் சொல்லவில்லை. நானாகவே செய்தேன்.

அந்தப் படத்துக்கு நான் எழுதிய வரி: “மலையின் மருதாணி, இருளைச் சிவக்க வைத்து விரட்டியது.” எழுதி முடித்ததும் நன்றாக வந்துவிட்டது என்று ஒரு காபி போட்டுக் குடித்தேன். அப்போது என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றவில்லை. அது பிற்பாடுதான் வந்தது.

சிறுநூல் வழவழ காகிதத்தில் அச்சானது. வெளியீட்டு விழா நகரத்தில், குளிர்பதன அரங்கில். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குழுத் தலைவியையும் ஜீப்பில் அழைத்து வந்து மேடையின் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எரிசக்தியைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். மருதாணி என்ற சொல் வரும்போதெல்லாம் கைதட்டல். ஒருவர், நம் முன்னோர் உள்ளங்கையில் வைத்ததை இன்று விஞ்ஞானம் தொட்டியில் வைத்திருக்கிறது என்றார். அதற்கு எழுந்து நின்று தட்டினார்கள். ஒலிவாங்கி அவள் பக்கம் போகவே இல்லை. குளிரில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதிரே இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கோடையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். முன்பு ஒருமுறை என் எண்ணை வாங்கி வைத்திருந்தாள். போளூர் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கூப்பிட்டாள், போய் அழைத்து வந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டாள். என் சிறுநூல்.

“இத எழுதனது நீதான?”

‘மேடம்’ போய்விட்டது. ‘ங்க’வும் போய்விட்டது.

“நான்தான். என்ன ஆச்சு?”

“இன்னா ஆச்சா? கரண்டு லைனு கேட்டு நாங்க எத்தினி வருஷமா மனு குட்த்துனு கீறோம், தெரியுமா உனுக்கு? இந்த வாட்டி லிஸ்ட்டுல பேரு வந்துச்சுன்னாங்க. ஆபீஸுக்குப் போனா, அந்தாளு டிராயரைத் தொறந்து இத்த எடுத்து நீட்றான். ‘உங்களுக்கு மருதாணியிலயே கரண்டு வருதாமே, எங்க கம்பி இன்னாத்துக்கு?’ன்றான். பக்கத்துல கீறவன்லாம் சிரிக்கறான். பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சுங்கன்னேன். படத்தக் காட்டறான். ‘இது நீதான? இது உன் வூடுதான? பல்பு எரியுதுல்ல?’ன்றான்.”

நான் சிறுநூலைப் புரட்டி அந்தப் படத்தைப் பார்த்தேன்.

“நான் இன்னா சொல்லுவேன் அவங்கிட்ட? அது ஜீப்புலேர்ந்து வந்துச்சு சார், பகல்ல எட்த்தாங்க சார்னேன். அதுக்கும் சிரிக்கறான். எங்க ஊரு பேரை லிஸ்ட்டுலேர்ந்து அடிச்சிட்டாங்க. ‘மின்வசதி பெற்றது’ன்னு எழுதிக்கீது. உன் புக்கப் பாத்துத்தான் எழுதிக்கீது.”

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “நீ வந்து சொல்லு. எழுதனவ நீ. நீ வந்து பொய்யின்னு சொல்லு” என்றாள்.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். எல்லா ஊரிலும் அந்த நாற்காலியில் அதேபோல ஒருவர் இருக்கிறார். அதிகாரி மரியாதைக்காரர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அவளுக்குப் போடச் சொல்லவில்லை. நானும் சட்டென்று உட்கார்ந்துவிட்டு, பிறகுதான் எழுந்தேன்.

“சார், இந்தச் சிறுநூலை எழுதினது நான். இதுல இருக்கிறது உண்மை இல்லை. அந்த பேட்டரி ஓடலை. படம் எடுத்த அன்னைக்கும் ஓடலை.”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். “நல்லா எழுதியிருக்கீங்க மேடம். என் வொய்ஃபுக்குப் படிச்சுக் காட்டினேன்.”

“சார், அது பொய்.”

“பொய்யின்னா ஏன் மேடம் எழுதினீங்க?”

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து அந்த அலுவலகத்தில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி.

“அச்சுல வந்தாத்தான் எங்களுக்கு ரெக்கார்டு. நீங்க வாயால சொல்றதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது? அந்த நிறுவனத்துக்கிட்ட, பேட்டரி ஓடலைன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பார்க்கலாம்.”

“நேர்ல வந்து பார்க்கலாமே சார். ஒரு மணி நேரம்.”

“ரோடு சரியில்லையே மேடம்” என்றார், நான் ஏதோ அவர் உடல்நலத்துக்குக் கேடு நினைப்பதுபோல.

வெளியே வந்து இயக்குநருக்குத் தொலைபேசி செய்தேன். அவர் முழுவதும் கேட்டார். பொறுமையாகக் கேட்பது அவருடைய பெரிய திறமை.

“அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தால், இரண்டாம் கட்ட நிதிக்கு என்ன சொல்வேன்? இன்னும் பத்து கிராமங்களுக்கு இந்தப் பேட்டரி போக வேண்டாமா?”

“இந்தக் கிராமத்துக்கே போகலையே.”

“ஒரு கிராமத்தை மட்டும் பார்க்கிறீர்கள். நான் மானுடத்தைப் பார்க்கிறேன்.”

நான் தொடர்பைத் துண்டித்தேன். பக்கத்தில் நின்ற அவள், “இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள். குடுக்க மாட்டாராம் என்றேன். மானுடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு எதிரே சொல்ல வாய் கூசியது.

அன்று மாலை வேதியியலாளரைத் தேடிப் பிடித்தேன். பணியில் இன்னும் இருந்தார், ஆனால் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதமே பாக்கி. எனக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அவர், கடிதம் எழுதினால் போதாது, கணக்கோடு எழுதுகிறேன் என்றார். ஒரு வாரத்தில் நாற்பது பக்க அறிக்கை வந்தது. சிலிண்டர் தீர்ந்த நாளிலிருந்து எவ்வளவு திறன் போனது, ஷெட்டுக்குள் எவ்வளவு வெப்பம், எந்த மூலக்கூறு எப்படி உடைந்தது, கூரையை மாற்றி மூடியைச் சரியாக அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாம். அதில் ஒரு உவமைகூட இல்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதப்பட்டதில் படிக்கத் தகுந்தது அது ஒன்றுதான். கடைசியில் தன் பெயரும் கையெழுத்தும் போட்டிருந்தார். நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அறிக்கை தயாரித்ததற்கு நன்றி என்று ஒரு பொன்னாடையும் போர்த்தி அனுப்பினார்களாம். நிறுவனத்தில் நிறைய வாங்கி வைத்திருந்தார்கள் போல.

நானும் ஒரு கடிதம் எழுதினேன். இந்தச் சிறுநூலை எழுதியது நான், இதில் இன்னின்ன பக்கங்களில் இருப்பவை பொய், படம் எப்படி எடுக்கப்பட்டது என்று. ஒன்றரைப் பக்கம். எழுத மூன்று நாள் ஆனது. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஏதாவது ஓர் அலங்கார வரி பூத்துவிடும். அடித்து அடித்து எழுதினேன்.

திங்கட்கிழமை திருவண்ணாமலையில் மனு வாங்கும் நாள். குழுத் தலைவியோடு ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்கள் விடியற்காலையில் நடந்து தார் ரோட்டுக்கு வந்து, பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். மதியம்வரை வரிசை. எங்கள் முறை வந்தபோது, மனு பதிகிறவரிடம் அறிக்கையையும் என் கடிதத்தையும் நீட்டி, நானே வாய்விட்டும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் முகம் எரிந்தது. இப்படி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறோமே என்று உள்ளே ஒரு சின்ன மகிழ்ச்சியும் எட்டிப் பார்த்தது. இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருப்பது அந்த மகிழ்ச்சிதான்.

“நீங்க எந்த ஊர்?” என்றார் அவர்.

“போளூர்.”

“அப்போ இது வேற மனு. தனியா வாங்க. அடுத்த கவுன்ட்டர்.”

குழுத் தலைவி என்னைக் கையால் ஓரமாகத் தள்ளினாள். முன்னால் போய் நின்றாள்.

“சார், எங்க ஊர்ல கரண்டு இல்ல. இருக்குதுன்னு எழுதி வெச்சிக்கீறாங்க. இல்லன்னு எழுதுங்க. அவ்ளோதான்.”

மனுவில் முத்திரை விழுந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று நடந்துவிட்டது என்று சொன்னால் அது என் பழைய தொழிலுக்குப் பொருந்தும். நடக்கவில்லை. அவள் ஒன்பது முறை கீழே இறங்கினாள். நான் நான்கு முறை உடன் போனேன். ஒரு முறை கோப்பு திருப்பத்தூருக்குப் போய்விட்டது என்றார்கள். இது எங்கள் மாவட்டமே இல்லை, ஏன் வந்தது என்று அங்கே கேட்டார்கள். ஒரு முறை வேறு யாரோ அதிகாரி, இளம் பெண், தானாகவே மலையேறி வந்து, ஷெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போனாள். என் கடிதத்தை அவள் பார்த்தாளா என்று தெரியாது. அந்த நாலு வரியில்தான் ஊர்ப் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு மழை முடிந்தபின் கம்பங்கள் ஓடையைத் தாண்டின.

வேதியியலாளர் இப்போது வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். அதே சிவப்புத் திரவம்தான். மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றியிருக்கிறார்களாம், சூட்டை முன்பைவிடத் தாங்குகிறதாம். போன மாதம் பேசும்போது உற்சாகமாகச் சொன்னார். ஒருநாள் அது நிஜமாகவே மலிவாக, பெரிதாக, ஊர் ஊராக வரும் என்று அவர் நம்புகிறார். நானும் நம்புகிறேன், அவரைப் போன்றவர்கள் கையில் இருந்தால். இயக்குநரின் கையில் சூரியனைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு வெளியீட்டு விழா நடத்திவிட்டு அணைத்துவிடுவார். அவர் இப்போது ஏதோ ஒரு குழுவில் ஆலோசகர். சிறுநூல் இன்னும் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. என் பெயரை நீக்கச் சொல்லி எழுதினேன். நீக்கினார்கள். நூலை நீக்கவில்லை.

வெற்றிக் கதை எழுதுவதை விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். இதைப் பெரிய தியாகமாக யாரும் எண்ண வேண்டாம். என் கடிதம் பரவியபின் எந்த நிறுவனமும் என்னைக் கூப்பிடவில்லை, அதுதான் நிஜம்.

லைன் வந்தபின் ஒருநாள் மலைக்குப் போனேன். குழுத் தலைவியே கூப்பிட்டிருந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்ற நினைப்பில் ஜமுனாமரத்தூரில் ஒரு கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. சாமை மெஷினுக்கு வீட்டு இணைப்பு போதாது, பெரிய இணைப்பு வேண்டும், அதற்கு விண்ணப்பம் எழுத ஆள் தேவைப்பட்டது. இனிப்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “இன்னாத்துக்கு இதெல்லாம்? ஒக்காந்து எழுது” என்றாள்.

மெஷின் அறையில் சாக்கின்மேல் உட்கார்ந்து எழுதினேன். குழுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். முடித்ததும் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

“படி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தச் சொல்லி, மற்றவர்களைப் பார்த்து, சரிதானா என்று கேட்டு, மேலே போகச் சொன்னாள். குதிரைத்திறன் சரி. மெஷின் வாங்கிய விவரம் சரி. கடைசி வரிக்கு வந்தேன்: “எனவே மின் இணைப்பு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

“தாழ்மையுடன்னா?”

“பணிவா. கீழ இருந்து கேக்குற மாதிரி.”

அவள் மற்றப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி தலையை ஆட்டினாள்.

“அத்த எட்த்துடு” என்றாள்.

நான் அந்தச் சொல்லை அடித்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க மாட்டார்கள் என்று சொன்னேன். அப்படியென்றால் வேறு தாளில் முழுவதும் திரும்ப எழுது என்றாள். எழுதினேன்.